அறிந்தவனும் இயன்றவனும்: நாய்க்கடிப் பொறுப்பின் சட்ட வரலாறு

1866ஆம் ஆண்டு இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்றின் முன் ஒரு சிறிய வழக்கு வந்தது. கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வே நிறுவனத்தின் நிலையம் ஒன்றில், இரவு 9 மணியளவில், தெருநாய் ஒன்று நடைமேடையில் நின்றிருந்த பெண்ணொருவரின் ஆடையைக் கடித்துக் கிழித்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து அதே நாய் அருகிலிருந்த சிக்னல் அறையில் ஒரு பூனையின் மீது பாய, ஊழியர் அதை உதைத்து வெளியே துரத்தினார். பத்து நிமிடத்தில் நாய் மீண்டும் நடைமேடைக்கு வந்து, ரயிலுக்குக் காத்திருந்த வேறொரு பயணியைக் கடித்தது. பயணி இழப்பீடு கோரினார். கிடைக்கவில்லை. நாய் நிறுவனத்துடையது அன்று. நிலையத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பதில் நிறுவனம் தவறியது என்பதற்கும் சான்றில்லை என்பது தீர்ப்பு.

2025 நவம்பர் 7ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றுக்குள் திரியும் நாய்களை அகற்ற வேண்டும். கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகத்தில் வைக்க வேண்டும். பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது. ரயில் நடைமேடையில் திரியும் நாய்க்கு யாரும் பொறுப்பல்லர் என்ற நிலையிலிருந்து, அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் உண்டு என்ற நிலைக்குச் சட்டம் வந்து சேர ஏறத்தாழ 160 ஆண்டுகள் ஆகியுள்ளன.

இந்த நகர்வைப் புரிந்துகொள்ள, விலங்கு செய்த தீங்குக்கு மனிதனைப் பொறுப்பாக்கும் சிந்தனையின் நீண்ட வரலாற்றைப் பார்க்க வேண்டும். அதில் இரண்டு கேள்விகள் மாறி மாறி முன்னிற்கின்றன. ஒன்று: விலங்கின் குணத்தை உடையவன் அறிந்திருந்தானா? மற்றொன்று: தீங்கைத் தடுக்க இயன்றவன் யார்? மேலோட்டமாக இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் முதல் கேள்விக்கு ஓர் உடையவன் இருந்தே தீர வேண்டும்; இரண்டாம் கேள்விக்கு அந்தக் கட்டாயமில்லை. இந்தியாவின் இன்றைய தெருநாய்ச் சிக்கல் முழுவதும் இந்த வேறுபாட்டின்மேல் நிற்கிறது.

நாய்க்கடி குறித்து இன்று கிடைக்கும் மிகப் பழைய சட்ட விதிகளுள் ஒன்று மெசபடோமியாவின் எஷ்னுன்னா நகரத்தைச் சேர்ந்தது. அதன் களிமண் பலகைகள் 1945இலும் 1947இலும் பாக்தாத் அருகே தெல் ஹர்மல் என்ற இடத்தில் கண்டெடுக்கப்பட்டன. கடிக்கும் குணமுள்ள நாய் ஒன்று இருக்கிறது. ஊர்ப்பகுதியின் அதிகாரிகள் அதை உடையவனுக்குத் தெரிவித்துவிட்டார்கள். அவன் நாயைக் கட்டி வைக்கவில்லை. அது ஒருவரைக் கடித்துச் சாகடித்தது என்றால், உடையவன் 40 ஷெக்கல் வெள்ளி தர வேண்டும். இறந்தவர் அடிமை என்றால் 15 ஷெக்கல். ஹம்முராபியின் சட்டத் தொகுப்பு இதே வாய்பாட்டை முட்டும் மாட்டுக்குச் சொல்கிறது.

இவ்விதியில் கவனிக்க வேண்டியது, அறிவு இங்கே மனத்துக்குள் ஒளிந்திருக்கும் பொருளாக இல்லை என்பதே. ஊரார் வந்து முறைப்படி சொன்னார்கள் என்பதுதான் அறிவு. 'எனக்குத் தெரியாது' என்று உடையவன் பிற்பாடு சொல்லித் தப்ப முடியாது. மனித உயிருக்குத் தகுதிவாரியாக விலை குறித்த கொடுமை இச்சட்டத்தில் உண்டு. ஆயினும் அறிவிப்பு, அதன் பின்னான அசட்டை, அதற்கான பொறுப்பு என்ற மூன்று படிகளையும் அது தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது.

ரோமானியர் வேறு வழியில் சென்றனர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பன்னிரண்டு பலகைகள் காலத்திலிருந்தே, வீட்டு விலங்கு செய்த சேதத்துக்கு உடையவன் ஈடு தர வேண்டும், இல்லையேல் அந்த விலங்கையே பாதிக்கப்பட்டவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற முறை இருந்தது. நகர நிர்வாகிகளின் ஆணை ஒன்று, மக்கள் நடமாடும் பாதைகளையொட்டி நாய், காட்டுப்பன்றி, கரடி, சிங்கம் போன்றவற்றைத் தீங்கு நேரும்படி வைத்திருப்பதைத் தடை செய்தது. விலங்கின் குணத்தைக் காட்டிலும் அது வைக்கப்பட்ட இடத்தின் தன்மையே இங்கே முதன்மை பெறுகிறது. பொதுவழி அனைவருக்கும் உரியது. அங்கே அச்சம் இருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை.

இந்தியத் தரும நூல்கள் இச்சிக்கலை அணுகும் விதம் தனித்தன்மை உடையது. யாக்ஞவல்கிய ஸ்மிருதியின் விவகாரப் பகுதியில், பல்லும் கொம்பும் உள்ள விலங்குகளின் உடையவன் குறித்து ஒரு விதி வருகிறது. தன் விலங்கிடம் சிக்கியவரை விடுவிக்க இயன்றும் விடுவிக்காத உடையவன் முதல் நிலைத் தண்டம் கட்ட வேண்டும். சிக்கியவர் கூக்குரலிட்டும் விடுவிக்கவில்லையெனில் தண்டம் இரு மடங்கு. அந்நூலின் கணக்கில் முதல் நிலைத் தண்டம் 270 பணம். அர்த்தசாஸ்திரத்திலும் ஏறக்குறைய இதே விதி உண்டு.

இவ்விதியின் உயிர்ச்சொல் 'சக்த', அதாவது 'இயன்றவன்' என்பதாகும். விலங்கு இதற்குமுன் யாரையேனும் கடித்ததா, உடையவனுக்கு அது தெரியுமா என்று விதி கேட்கவில்லை. தடுக்க முடிந்ததா, தடுத்தானா என்று மட்டுமே கேட்கிறது. கூக்குரல் எழுந்த பின்னும் அசையாமல் நிற்பவனின் குற்றம் இரட்டிப்பாகிறது. எஷ்னுன்னாவில் ஊராரின் அறிவிப்புக்கு இருந்த இடம், இங்கே பாதிக்கப்படுபவரின் குரலுக்குக் கிடைக்கிறது.

மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயமும் பொறுப்பைப் பங்கிடுவதில் நுணுக்கம் காட்டுகிறது. வண்டியோட்டிக்குத் திறமை இல்லாததால் விபத்து நேர்ந்தால் தண்டம் வண்டியின் உடையவனுக்கு. ஓட்டி திறமையுள்ளவனாக இருந்தும் தவறினால் தண்டம் ஓட்டிக்கு. 'விலகுங்கள்' என்று ஓட்டி முன்னரே குரல் கொடுத்திருந்தால் தண்டமில்லை. பயிர் மேய்ந்த மாடுகளுக்கும் விதி உண்டு. வேலியில்லா வயலில் மேய்ந்தால் மேய்ப்பனைத் தண்டிக்கக் கூடாது. வேலி என்றால் ஒட்டகம் எட்டிப் பார்க்க முடியாத உயரம் இருக்க வேண்டும். நாயும் பன்றியும் தலையை நுழைக்கும் ஓட்டைகள் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். தீங்கைத் தடுக்கும் கடமையில் பாதிக்கப்படுபவருக்கும் பங்குண்டு என்ற கருத்து இதிலிருக்கிறது.

இந்நூல்களைப் பொற்காலத்தின் சான்றாகக் கொள்வது பிழை. இவை நெறி கூறும் நூல்கள். ஊர்தோறும் இப்படியே நீதி வழங்கப்பட்டது என்பதற்கு இவையே சான்றாகா. வருணத்தை அளவுகோலாகக் கொண்டு தண்டத்தை ஏற்றி இறக்கிய நூல்கள் இவை என்பதும் மறக்கத்தக்கதன்று. மேலும், தண்டம் என்பது அரசனுக்குச் செல்வது. காயம் பட்டவருக்கு மருத்துவச் செலவைத் தர வேண்டும் என்ற விதி மனுவில் இருப்பினும், கடிபட்டவரின் இழப்பை முழுவதும் ஈடு செய்யும் ஏற்பாடு வளரவில்லை. இருந்தும், 'இயன்றவன்' என்ற அளவுகோல் இந்தியச் சட்டச் சிந்தனைக்குள் பழைய காலத்திலேயே இருந்தது என்பது மறுக்க முடியாத செய்தி.

பிரித்தானிய ஆட்சியோடு வந்தது மற்றோர் அளவுகோல். இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தில் அதன் பெயர் 'சயன்டர்'. 'அறிந்தே' என்று பொருள்படும் லத்தீன் வினையடை அது. பழைய வழக்கு மனுக்களில் 'கடிக்கும் வழக்கமுள்ள நாயைப் பிரதிவாதி அறிந்தே வைத்திருந்தார்' என்று எழுதும் மரபிருந்தது. அந்த ஒரு சொல்லே நாளடைவில் முழுக் கோட்பாட்டின் பெயராயிற்று. சிங்கம், கரடி போன்ற காட்டு விலங்குகளின் கொடிய தன்மையை எல்லாரும் அறிவர் என்று சட்டம் கொண்டது. அவற்றை வைத்திருப்பவர் எப்போதும் பொறுப்பாளி. நாய், மாடு, குதிரை போன்ற வீட்டு விலங்குகளிலோ, அந்தக் குறிப்பிட்ட விலங்கின் கெட்ட குணம் உடையவருக்கு முன்பே தெரியும் என்று வழக்காடுபவர் காட்ட வேண்டும். ஒவ்வொரு நாய்க்கும் முதல் கடி இலவசம் என்ற கேலிப் பேச்சு இதிலிருந்து பிறந்தது.

1846இல் மே எதிர் பர்டெட் வழக்கு இக்கோட்பாட்டை உறுதிப்படுத்தியது. குரங்கு ஒன்று பெண்ணொருவரைக் கடித்தது. உடையவர் கவனக்குறைவாக இருந்தார் என்று மனுவில் கூறப்படவில்லையே என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. கொடிய குணத்தை அறிந்தும் விலங்கை வைத்திருந்தாலே போதும், கவனக்குறைவைத் தனியே காட்ட வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். அறிந்தவருக்கு இந்தச் சட்டம் கடுமையானது. அறியாதவர் என்று சொல்லிக்கொள்பவருக்கோ மிகவும் இரக்கமுள்ளது.

அக்கால வழக்குகளுள் இன்னும் இரண்டு இந்திய வாசகர்க்குச் சுவையானவை. 1830இல் ஒரு வீட்டு வளாகத்தில் நாயிடம் கடிபட்ட ஒருவர் வழக்குத் தொடுத்தார். நாய் குறித்து எச்சரிக்கும் பலகை அங்கே வைக்கப்பட்டிருந்தது. ஆனால் கடிபட்டவருக்கு எழுத்தறிவில்லை. படிக்கத் தெரியாதவருக்குப் பலகை எச்சரிக்கையாகாது என்று நீதிமன்றம் கருதியது. தமிழ்நாட்டு வீட்டு வாயில்களில் தொங்கும் 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை, எச்சரிப்பது வருபவரையா நாய்களையா என்ற இலக்கண வேடிக்கை ஒருபுறமிருக்க, சட்டத்தின் முன் உடையவரை முழுவதும் காக்கும் கவசமன்று. 'இந்த நாய் கடிக்கும் என்று எனக்குத் தெரியும்' என்று உடையவரே எழுதிக் கொடுத்த சான்றாகவும் அதைப் படிக்க இயலும்.

மற்றொன்று 1831ஆம் ஆண்டினது. நாய் தன்னுடையது அன்று என்றார் பிரதிவாதி. ஒருவர் தம் இடத்தில் நாயைத் தங்கவும் வந்து போகவும் விட்டிருந்தாலே அது 'வைத்திருத்தல்' ஆகும் என்றது நீதிமன்றம். உடைமை என்பதிலிருந்து அடைக்கலம் என்பதற்குப் பொறுப்பு நகரும் முதல் தடம் இது. இன்று தெருநாய்க்குச் சோறு வைப்பவர் குறித்து இந்தியாவில் நடக்கும் வாதத்தின் வேர் இங்கிருக்கிறது.

இங்கிலாந்து நாடாளுமன்றம் 1865இல் நாய்கள் சட்டத்தை இயற்றியது. ஆட்டையோ மாட்டையோ நாய் கடித்தால், அதன் குணத்தை உடையவர் முன்பே அறிந்திருந்ததைக் காட்ட வேண்டியதில்லை என்றது அச்சட்டம். மனிதரைக் கடித்தால் மட்டும் பழைய நிபந்தனை தொடர்ந்தது. செம்மறியாடு பண்ணையாரின் சொத்து; சொத்துக்குக் கிடைத்த விரைவான நீதி சதைக்குக் கிடைக்கவில்லை.

இதே ஏற்றத்தாழ்வு இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தின்படி, தம் பயிரை மேயும் மாட்டை விவசாயி தாமே பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் அடைக்கலாம். உடையவர் தண்டம் கட்டியே மீட்க வேண்டும். எந்த விலங்குக்கு எவ்வளவு என்று பட்டியலே இருந்தது; யானைக்கு 2 ரூபாய். நம் ஊர்களில் 'பவுண்டு' என்றும் கொண்டித்தொழு என்றும், வட இந்தியாவில் 'காஞ்சி ஹவுஸ்' என்றும் வழங்கிய இந்த அமைப்பில் வழக்கறிஞருக்கும் சாட்சிக்கும் தேவை பெரிதாக இருக்கவில்லை. ஆனால் அச்சட்டம் கால்நடை என்று எண்ணிய விலங்குகளில் நாய் இல்லை. பயிரிழந்தவர் அன்றே மாட்டைப் பிடித்துக் கட்டினார். கடிபட்டவர் உரிமையியல் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

அப்படியேறுவதும் எளிதாக இல்லை. தீங்கியல் சட்டம் இந்தியாவில் தொகுக்கப்படவே இல்லை. சர் பிரெடரிக் பொல்லாக் 1886இல் எழுதிக் கொடுத்த உரிமையியல் தீங்குகள் மசோதா சட்டமாகாமலே போயிற்று. நீதி, சமன்மை, நல்மனச்சான்று என்ற பெயரில் இங்கிலாந்துத் தீர்ப்புகளையே நீதிபதிகள் பின்பற்றினர். கோரும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் செலுத்த வேண்டும். கூலித் தொழிலாளி ஒருவர் தம் பிள்ளையின் காயத்துக்காக இந்த வழியில் செல்வது நடைமுறைக்கு எட்டாத செயலாகவே இருந்தது.

கடன் வாங்கிய கோட்பாடு இந்திய மண்ணில் இடறியதும் உண்டு. 1890இல் இங்கிலாந்து நீதிமன்றம் யானையைக் காட்டு விலங்கு வகையில் சேர்த்தது. பிரித்தானிய இந்தியாவின் பகுதியாக இருந்த பர்மாவிலோ, மரம் இழுத்து மனிதரோடு வாழும் யானையை வீட்டு விலங்காகவே 1900ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று கொண்டது. 1957இல் பர்மா யானைகள் இங்கிலாந்துச் சர்க்கஸ் ஒன்றில் ஒரு சிறு நாயின் குரைப்பால் மிரண்டு சேதம் விளைவித்தபோது, நீதிபதி டெவ்லின் அவற்றின் பழகிய குணத்தை ஒத்துக்கொண்டும், சட்டத்தின் கண்ணில் அவை காட்டு விலங்குகளே என்று தீர்ப்பளித்தார். காடு, வீடு என்ற பகுப்பு விலங்கின் இயல்பில் இல்லை. அதனோடு வாழும் சமூகத்தின் பழக்கத்தில் இருக்கிறது.

குற்றவியல் சட்டம் மட்டும் சற்று வேறான சொற்களைத் தேர்ந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 289ஆம் பிரிவு: தன் வசமுள்ள விலங்கினால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கப் போதிய ஏற்பாட்டை அறிந்தோ கவனக்குறைவாலோ செய்யாதவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே 'உடையவர்' என்ற சொல்லே இல்லை. 'வசம்' என்பதே அளவு. நாயை வாங்கியவர் யார் என்பதைவிட, அந்நேரம் சங்கிலி யார் கையில் என்பதே கேள்வி. 'அறிந்தோ' என்பதன் பக்கத்தில் 'கவனக்குறைவாலோ' என்று சேர்த்ததால் முதல் கடி இலவசம் என்ற சலுகையும் இல்லை. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு இதே வாசகத்தைத் தொடர்கிறது. சிறைக்காலம் மாறவில்லை, அபராதத்தின் உச்சம் 5,000 ரூபாய் ஆகியிருக்கிறது. 1860இல் 1,000 ரூபாய்க்கு இருந்த மதிப்பை நினைத்தால் தண்டனை உண்மையில் குறைந்திருக்கிறது. கிடைக்கும் அபராதமும் அரசுக்கே.

இவ்வளவும் உடையவர் உள்ள நாய்க்கு. இந்திய நகரங்களின் சிக்கலோ உடையவர் இல்லாத நாய். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பு தெருநாய்களின் எண்ணிக்கையை ஏறத்தாழ 1.53 கோடி என்றது.

காலனிய அரசு இதற்குக் கண்ட தீர்வு கொல்வது. பம்பாயில் கோடை மாதங்களில் தெருநாய்களைக் கொல்லும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தது. பிடிப்பவருக்கு நாய்க்கு இவ்வளவு என்று கூலி. அதனால் வீட்டு நாய்களும் சிக்கின. 1832 ஜூனில் பார்சிகள் கிளர்ந்தெழுந்தனர். நாய் அவர்கள் சமயத்தில் புனிதமானது; இறந்தோர் சடங்கிலும் இடம்பெறுவது. கடைகள் அடைக்கப்பட்டன, கொலாபா படைமுகாமுக்குச் செல்ல வேண்டிய உணவுப் பொருள்களும் தடுக்கப்பட்டன. தெருநாய் யாருக்கும் உரியதன்று என்று அரசு எண்ணியிருந்தது. ஊருக்கு உரியது என்று ஊரார் காட்டினர்.

கொல்லும் கொள்கைக்குப் பின்னால் வெறுங்கொடுமை மட்டும் இருக்கவில்லை. வெறிநாய்க்கடிக்கு மருந்தில்லாத காலம் அது. பாஸ்டரின் தடுப்பு மருந்துக்குப் பின்னும், வசதியுள்ள ஐரோப்பியர் பாரிசுக்குக் கப்பலேறினர், மற்றவர்க்கு வழியில்லை. 1900இல் கசௌலியிலும் 1907இல் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் தொடங்கப்பட்டன. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய மருந்தே பல பத்தாண்டுகள் இந்தியரின் வயிற்றில் ஊசியாக ஏறியது. நாய்க்கடியின் சட்ட வரலாற்றை இந்த அச்சத்தை விட்டுவிட்டுப் படிக்க இயலாது.

நகராட்சிச் சட்டங்கள் நாய்களை இரண்டாகப் பிரித்தன: பதிவு வில்லை கட்டியவை, கட்டாதவை. டெல்லி மாநகராட்சிச் சட்டம் 1957இன் 399ஆம் பிரிவு இவ்வகையினது. கழுத்தில் வில்லை இருந்தால் உடையவர் பொறுப்பு. இல்லையெனில் நாயைப் பிடித்து அழிக்கலாம். ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியிலிருந்து பிறந்த 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும்கூடத் தெருநாய்களை வதைக்கூடங்களில் கொல்வதைக் குற்றமாக்கவில்லை. ஆனால் கொன்றும் எண்ணிக்கை குறையவில்லை என்பதை நகரங்கள் கண்டன. சென்னையில் புளூ கிராஸ் போன்ற அமைப்புகள் கருத்தடையே வழி என்று வாதிட்டு வந்தன. 2001இல் நடுவண் அரசின் நாய்ப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசியிட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும்.

மருத்துவ நோக்கில் இதற்குக் காரணம் உண்டு. ஒரு தெருவின் நாய்களை முற்றும் அகற்றினால், தடுப்பூசி இல்லாத புதிய நாய்கள் அவ்விடத்தை நிரப்பும். சட்ட நோக்கில் ஒரு மாற்றம் அரவமின்றி நிகழ்ந்தது. அதுவரை தெருநாய் அரசின் கை படாதது. இனி அரசின் வண்டியில் ஏறி, அரசின் மேசையில் அறுவை கண்டு, அரசின் கையால் தெருவில் இறங்கும் நாய் அது. இப்படி விட்ட நாய் கடித்தால், 'எமக்குத் தெரியாது' என்று நகராட்சி எப்படிச் சொல்லும்?

பெயரும் மாறியது. 2001ஆம் ஆண்டின் விதிகளில் 'தெருநாய்' என்று இருந்தது, 2023ஆம் ஆண்டின் விதிகளில் 'சமூக விலங்கு' ஆயிற்று. அன்பு மிகுந்த சொல்தான். ஆனால் சமூகத்துக்கு உரியது என்றால், அது கடித்தால் வழக்கின் எதிர்த்தரப்பில் யார் பெயரை எழுதுவது? சமூகத்துக்கு முகவரி இல்லை. உரிமையைப் பரவலாக்கிய அச்சொல், பொறுப்பை எங்கே வைத்தது என்று சொல்லவில்லை.

அந்த வெற்றிடத்தில் முதலில் சிக்கியவர் சோறு வைப்பவர். 2022 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, தெருநாய்க்கு உணவளிக்க விரும்புவோர் அதைத் தத்தெடுத்துப் பதிவு செய்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அடைக்கலம் கொடுத்தவரே வைத்திருப்பவர் என்ற 1831ஆம் ஆண்டுத் தர்க்கம் தனி வீட்டு முற்றத்துக்குப் பொருந்தும். தெருமுனையில் ஒரு பிடி சோறு வைத்தவருக்கு அந்த நாயைக் கட்டும் அதிகாரமும் இல்லை, அடைக்கும் இடமும் இல்லை. இயலாதவர் மேல் பொறுப்பை ஏற்றினால் இரக்கம் குறையும்; கடி குறையாது.

இனத்தின் பெயரால் பொறுப்பை முடிவு செய்யும் முயற்சியும் நடந்தது. 2024 மார்ச்சில் நடுவண் அரசு 23 நாயினங்களைக் கொடியவை என்று சுற்றறிக்கை விட்டது. அடுத்த மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காட்டு விலங்கு, வீட்டு விலங்கு என்ற பழைய பகுப்பை நாய்க்குள்ளேயே கொண்டுவரும் முயற்சி அது. நொய்டா நிர்வாகம் 2023 மார்ச் முதல் எடுத்த வழி எளியது: வளர்ப்பு நாய் காயப்படுத்தினால் உடையவருக்கு 10,000 ரூபாய் அபராதம், அத்துடன் சிகிச்சைச் செலவு.

தெருநாய்க்கடியில் திருப்பம் இழப்பீட்டு வழியில் வந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் கேரளத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி சிரி ஜகன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. கடிபட்டவர் நேரே அக்குழுவிடம் விண்ணப்பிக்க முடிந்தது. கோரும் தொகைக்கேற்ற கட்டணத்தோடு உரிமையியல் வழக்குத் தொடுக்க வேண்டியிருக்கவில்லை. 1871இல் பயிருக்குக் கிடைத்த குறுக்குவழி, 145 ஆண்டுகள் கழித்து ஒரு மாநிலத்தில் சதைக்கும் கிடைத்தது.

2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 193 மனுக்களைச் சேர்த்து விசாரித்து அளித்த தீர்ப்பு மேலும் சென்றது. தெரு விலங்குகளால் நேரும் தீங்குக்கு அரசே முதன்மைப் பொறுப்பு. நாய்க்கடியில் ஒவ்வொரு பல்தடத்துக்கும் குறைந்தது 10,000 ரூபாய். சதை பிய்ந்திருந்தால் 0.2 சென்டிமீட்டர் காயத்துக்குக் குறைந்தது 20,000 ரூபாய். மாவட்டந்தோறும் குழு, நான்கு மாதத்தில் முடிவு. தவறிய துறையிடமிருந்தோ தனியாரிடமிருந்தோ அரசு அத்தொகையை மீட்டுக்கொள்ளலாம்.

பல்லை எண்ணிப் பணம் தருவதைச் சிலர் கேலி செய்தனர். ஆனால் எஷ்னுன்னாவின் 40 ஷெக்கல் முதல் இன்றுவரை நிலையான அட்டவணை ஒன்றின் பயன் இதுவே: எளியவர் தம் வலியின் மதிப்பை வழக்கறிஞர் வைத்து நிறுவ வேண்டியதில்லை. எஷ்னுன்னாவின் அட்டவணை அடிமைக்கு விலை குறைத்தது. இந்த அட்டவணை ஆளைப் பார்ப்பதில்லை, காயத்தையே அளக்கிறது. பழைய சட்டங்களிலிருந்து அது பெற்ற வளர்ச்சி அது.

இதைவிடப் பெரிய மாற்றம், 'அறிந்தவன்' என்ற அளவுகோல் பின்தங்கி 'இயன்றவன்' என்ற அளவுகோல் முன்வந்திருப்பது. அந்த நாய் முன்பு கடித்ததா, அதை யார் வளர்த்தார் என்று நீதிமன்றம் கேட்கவில்லை. தெருவைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் அதிகாரமும் நிதியும் யாரிடம் இருக்கின்றன என்று கேட்டது. 2025 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றத்தின் ஈரமர்வு டெல்லிப் பகுதி நாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்னதும், ஆகஸ்ட் 22இல் மூவரமர்வு அதைத் திருத்தி, வெறிபிடித்தவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைத் தடுப்பூசியிட்டு விடச் சொன்னதும், நாய்களின் இடம் குறித்த கருத்து வேறுபாடுகள். பொறுப்பு அரசின் அமைப்புகளுடையது என்பதில் இரண்டு ஆணைகளுக்கும் வேறுபாடில்லை. நாயை நேசிப்பவரும் அஞ்சுபவரும் தெருவில் எதிரெதிரே நின்று சண்டையிடுகின்றனர். சட்டமோ இருவரையும் விட்டுத் திரும்பி நகராட்சியைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது.

ஆயினும் இழப்பீடு என்பது தவறிய பின் கட்டும் விலை. 2024ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் அரசின் கணக்கில் பதிவாயின. ஒவ்வொன்றும் ஒரு மருத்துவமனை வரிசை. ஐந்தாறு நாள் கூலியிழப்பு. இரவில் பிள்ளையின் காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கும் ஒரு தாயின் அச்சம். கேரளக் குழு போன்ற ஏற்பாடு பெரும்பாலான மாநிலங்களில் இல்லை. பல்தடத்துக்கு விலை குறித்த தீர்ப்பும் பஞ்சாப், ஹரியானா, சண்டிகர் எல்லைக்குள் கட்டுப்படுத்துவது.

யாக்ஞவல்கியரின் விதி இரண்டு படிகள் கொண்டது. இயன்றும் தடுக்காதவனுக்கு ஒரு தண்டம். கூக்குரல் கேட்டும் தடுக்காதவனுக்கு இரு மடங்கு. இன்றைய சட்டம் முதல் படியை வந்தடைந்திருக்கிறது. ஒரே தெருவிலிருந்து மூன்றாம் முறை, நான்காம் முறை புகார் எழுதிக் கொடுத்த பின்னும் அசையாத அலுவலகத்துக்கும், முதல் கடியில் சிக்கிய அலுவலகத்துக்கும் பொறுப்பு ஒன்றுதானா என்ற கேள்விக்கு அது இன்னும் விடை சொல்லவில்லை.